மோதும் விண்மீன் மண்டலங்கள் ஏன் அகச்சிவப்பில் அவ்வளவு பிரகாசிக்கின்றன?

பட்டர்வொர்த்தில் படிவம் ஆறு படிக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகளை அனுப்பியிருந்தார். இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதினாலும் உள்ளே இருக்கும் விண்மீன்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை என்கிறார்கள். அப்படியென்றால் மோதும் மண்டலங்கள் சில ஏன் அவ்வளவு பிரகாசமாகின்றன? அந்தப் பிரகாசம் ஏன் அகச்சிவப்பாகவே வருகிறது? நம் பால்வீதியும் ஆண்ட்ரோமேடாவும் சேரும்போதும் இதே கதைதானா? பினாங்கில் பல காலமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில் முதலில். விண்மீன்கள் முட்டிக்கொள்வதில்லை என்பது உண்மைதான். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. இவ்வளவு இடைவெளியில் இரண்டு விண்மீன்கள் நேருக்கு நேர் வந்து இடிப்பதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் விண்மீன்களுக்கு நடுவே வாயு இருக்கிறது. வாயு மேகங்கள் பல பத்து ஒளியாண்டு அகலம் கொண்டவை. அவை ஒதுங்கிப் போக இடம் இல்லை, மோதித்தான் ஆக வேண்டும். இந்த வாயு, மண்டலத்தின் நடுப்பகுதிக்கு இறங்கி, நெருக்கமாகச் சேர்ந்து, புது விண்மீன்களாகிறது. ஒரு பகுதி அங்கேயுள்ள பெருங்கருந்துளைக்கும் இரையாகிறது. வெளிச்சம் இந்த இரண்டிலிருந்தும் வருவது. மோதல் நேரடியாக ஒளி தருவதில்லை, வாயுவை நடுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவே எந்த மண்டலத்தைப் பார்த்தாலும் கேட்க வேண்டியவை இவைதான்: எவ்வளவு வாயு இருந்தது, அது எவ்வளவு சின்ன இடத்தில் அடைபட்டது, மோதல் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது.

பிரகாசம் என்றால் எவ்வளவு? 8 முதல் 1000 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அகச்சிவப்பில் மட்டுமே 100 பில்லியன் சூரியன்களுக்கு ஈடான ஆற்றலை வெளியிட்டால் அதை ஒளிர் அகச்சிவப்பு மண்டலம் என்கிறோம். 1 டிரில்லியன் சூரியன்களைத் தாண்டினால் அது மீயொளிர் அகச்சிவப்பு மண்டலம். 10 டிரில்லியனைத் தாண்டியவையும் உண்டு. இப்படி ஒரு பெரிய கூட்டம் இருப்பதே 1983 வரை சரியாகத் தெரியவில்லை. காரணம் நம் காற்றுமண்டலம். இந்த அலைநீளங்களில் பெரும்பாலானவற்றை நீராவி உறிஞ்சிவிடும். பினாங்கு மாதிரி ஈரப்பதம் நிறைந்த ஊரிலிருந்து எவ்வளவு பெரிய தொலைநோக்கியைத் திருப்பினாலும் 60 மைக்ரோனில் ஒன்றும் வந்து சேராது. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து 1983 ஜனவரியில் அனுப்பிய ஐராஸ் செயற்கைக்கோள்தான் இந்தத் தடையைத் தாண்டியது. 57 சென்டிமீட்டர் ஆடியைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்து, பத்து மாதத்தில் வானத்தின் 96 விழுக்காட்டை அது அளந்துவிட்டது. ஹீலியம் தீர்ந்ததும் பணி முடிந்தது. அது தந்த பட்டியலைச் சாதாரணப் புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது, படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாத மங்கலான மண்டலங்கள் சில அகச்சிவப்பில் அசாத்தியமாக ஒளிர்வது தெரிந்தது. அவற்றை உற்றுப் பார்த்தால் வால் நீண்டு, உருக்குலைந்து, இரட்டை மையத்தோடு இருந்தன.

அகச்சிவப்பு ஏன் என்பதற்கு 2015-இலும் 2019-இலும் நம் ஊரை மூடிய புகைமூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொம்தார் கோபுரம் காணாமல் போனது, நண்பகல் சூரியனே மங்கிச் சிவந்த வட்டமாகத் தெரிந்தது. நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகத் தடுக்கின்றன, சிவப்பு ஓரளவு தப்பி வருகிறது. விண்மீன் மண்டலங்களின் வாயுவிலும் நிறையில் சுமார் ஒரு விழுக்காடு தூசு கலந்திருக்கும். புதிதாய்ப் பிறந்த பெரிய விண்மீன்கள் வெளியிடுவது பெரும்பாலும் புறஊதா ஒளி. அந்தத் தூசு அதைக் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய ஆற்றல் எங்கும் போய்விடாது. தூசு கொஞ்சம் சூடாகி, தனிச்சுழி வெப்பநிலைக்கு (கழித்தல் 273 டிகிரி செல்சியஸ்) மேல் 30 முதல் 60 டிகிரி வரை ஏறி, அதே ஆற்றலை 60 முதல் 100 மைக்ரோன் பக்கம் உச்சம் காட்டும் அகச்சிவப்பாகத் திருப்பி வெளியிடும். செல்சியசில் சொன்னால் கழித்தல் 240, 210 என்ற அளவு. இவ்வளவு குளிர்ந்த ஒன்று டிரில்லியன் சூரியன்களுக்கு ஈடாக ஒளிர்வது எப்படி என்று கேட்கத் தோன்றும். தூசு பரவியிருக்கும் பரப்பு அத்தனை பெரியது, அவ்வளவுதான்.

இனிமேல் வருவதுதான் முக்கியம். பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தாண்டிவிடும் இடம் இது: வாயு நடுவுக்கு எப்படிப் போகிறது?

மண்டலத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வாயுவுக்குக் கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு, உண்டு. அதை இழக்காமல் அது உள்ளே வர முடியாது. பூமி சூரியனுக்குள் விழாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். அப்படியானால் யாரோ அந்தக் கோண உந்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். யார்? மோதவரும் இன்னொரு மண்டலம் என்று பலரும் நினைப்பார்கள். 1990களில் ஜோஷுவா பார்ன்ஸும் லார்ஸ் ஹெர்ன்குவிஸ்ட்டும் கணினியில் செய்த கணக்குகள் வேறு பதிலைத் தந்தன. இன்னொரு மண்டலம் பக்கத்தில் கடந்துபோகும்போது அதன் ஈர்ப்பு, கடல் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் அதே வகை விசையால், இந்த மண்டலத்தின் வட்டத்தட்டை இழுத்துக் குலைக்கிறது. தட்டின் நடுவே விண்மீன்கள் நீளமான பட்டை வடிவில் சேர்கின்றன. வாயுவும் பட்டையாகிறது. ஆனால் வாயு மேகங்கள் தங்களுக்குள் மோதி ஆற்றலை இழப்பதால், வாயுப் பட்டை விண்மீன் பட்டைக்குச் சற்று முன்னே போய்விடுகிறது. பின்னால் இருக்கும் விண்மீன் பட்டை தன் ஈர்ப்பால் அதைத் தொடர்ந்து பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பில் வாயுவின் கோண உந்தம் விண்மீன்களுக்கு மாறுகிறது, வாயு உள்ளே சரிகிறது. ஆக, வாயுவை நடுவுக்குத் தள்ளுவது பெரும்பாலும் அதனுடைய சொந்த மண்டலத்து விண்மீன்கள்தான். வந்த விருந்தாளி தொடங்கி வைக்கிறார், வேலையை முடிப்பவர்கள் வீட்டுக்காரர்கள். எனக்கு இந்த முடிவு இன்றுவரை வியப்பு தருகிறது.

இந்த எண்ணத்துக்கு முன்னோடிகள் ஆலர் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள். 1972-இல், இன்றைய கைப்பேசியோடு ஒப்பிடவே முடியாத கணினிகளை வைத்துக்கொண்டு, இரண்டு நிறைகளையும் அவற்றைச் சுற்றி வரும் துகள் வளையங்களையும் மட்டும் கொண்டு மோதும் மண்டலங்களின் வால்கள் எப்படி உருவாகின்றன என்று காட்டினார்கள். மோதல் வாயுவை உள்ளே கொண்டுவந்து விண்மீன் பிறப்பைத் தூண்டலாம் என்ற ஊகமும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஐராஸ் பறப்பதற்குப் பதினோரு ஆண்டு முன்னால்!

அவர்கள் மாதிரி செய்து காட்டியவற்றில் ஒன்று ஆன்டெனா மண்டலங்கள். நாம் அஸ்த நட்சத்திரம் என்று சொல்லும் ஐந்து விண்மீன்கள் இருக்கும் பகுதியை ஒட்டி இருக்கிறது, சுமார் 65 மில்லியன் ஒளியாண்டு தூரம். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் பினாங்கிலிருந்து தெற்கே அண்ணாந்து பார்த்தால் அஸ்தம் நல்ல உயரத்தில் நிற்கும். வட நாட்டுக்காரர்களுக்கு அடிவானத்தில் கிடப்பது நமக்கு வசதியாகக் கிடைக்கிறது. ஜார்ஜ் டவுன் விளக்குகளுக்கு நடுவே வேண்டாம், பாலிக் புலாவ் பக்கம் போய் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் பாருங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு மங்கல் திட்டுகள் தெரியும். வால்கள் புகைப்படத்தில்தான் வரும். இந்த இணையின் அகச்சிவப்புப் பிரகாசம் 100 பில்லியன் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான். இரண்டு மையங்களும் இன்னும் ஒன்றுசேரவில்லை, வாயு முழுதாக உள்ளே இறங்கவில்லை.

இப்போது வாயு நெருக்கமானால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 1998-இல் ராபர்ட் கென்னிகட் பல மண்டலங்களை அளந்து ஒரு விதியைத் தந்தார். ஒரு சதுர ஒளியாண்டில் விண்மீன்கள் பிறக்கும் வேகம், அதே பரப்பில் உள்ள வாயுவின் அளவை 1.4 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வருவதற்கு விகிதமாக இருக்கும். அந்த 0.4 சின்னதாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே வாயுவைப் பத்தில் ஒரு பங்கு ஆரத்துக்குள் அடைத்தால் பரப்பு நூறில் ஒன்றாகும், வாயுவின் நெருக்கம் நூறு மடங்காகும். நூறை 1.4 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 630. பரப்பு நூறில் ஒன்று என்பதால் மொத்தத்தில் வேகம் ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது. புதிதாக ஒரு துளி வாயுவும் சேர்க்காமல், இடத்தை மட்டும் சுருக்கியதால் வந்தது இது. மோதலின் உச்சத்தில் இருக்கும் மண்டலங்கள் இந்தக் கணக்கையும் தாண்டிப் போகின்றன.

நமக்கு மிக அருகில் இருக்கும் மீயொளிர் மண்டலம் ஆர்ப் 220. சர்ப்ப விண்மீன் குழுவில், சுமார் 250 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஹால்டன் ஆர்ப் 1966-இல் தொகுத்த விசித்திர மண்டலங்களின் பட்டியலில் 220ஆம் எண், அதனால் அந்தப் பெயர். இரண்டு சுருள் மண்டலங்கள் சுமார் 700 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மோதத் தொடங்கி, இப்போது அவற்றின் மையங்களுக்கு இடையே 1,200 ஒளியாண்டுதான் மிச்சம். பால்வீதி முழுதும் இருக்கும் வாயுவுக்கு நிகரான வாயு அங்கே சுமார் 5,000 ஒளியாண்டு அகலத்துக்குள் அடைந்து கிடக்கிறது. பால்வீதியின் தட்டு 100,000 ஒளியாண்டு அகலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். பால்வீதியில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சூரிய நிறை அளவு விண்மீன்கள் பிறக்கின்றன. ஆர்ப் 220-இல் அது 200 வாக்கில். பெரிய விண்மீன்கள் சீக்கிரம் வெடிப்பவை என்பதால் அங்கே சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்புகள் ஆண்டுக்குச் சில என்ற கணக்கில் நடக்கின்றன. நம் மண்டலத்தில் நூறு ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். இந்த வெடிப்புகள் தூசுக்குள் புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தெரிவதில்லை. கண்டங்கள் கடந்த வானொலித் தொலைநோக்கிகளை இணைத்துத்தான் அவற்றை ஒவ்வொரு புள்ளியாகப் பிரித்தறிந்தார்கள்.

இங்கே ஒரு வகுத்தல் கணக்கு. வாயு 5 பில்லியன் சூரிய நிறை, செலவு ஆண்டுக்கு 200 என்றால் 25 மில்லியன் ஆண்டில் இருப்பு தீர்ந்துவிடும். மோதல் முழுதும் நடந்து முடிய பல நூறு மில்லியன் முதல் ஒரு பில்லியன் ஆண்டுக்கு மேலும் ஆகும். அப்படியானால் மீயொளிர் நிலை என்பது நீண்ட மோதலில் ஒரு குறுகிய பகுதி. மோதும் மண்டலங்கள் பல இருந்தும் இவ்வளவு பிரகாசமானவை அரிதாக இருப்பதன் ஒரு காரணம் இது. பெரும்பாலான மோதல்களில் விண்மீன் பிறப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுவதோடு சரி.

அந்தக் குறுகிய பகுதி எப்போது வரும் என்பதும் மண்டலத்தின் அமைப்பைப் பொறுத்தது. தட்டின் நடுவே விண்மீன்களின் கனமான புடைப்பு இருந்தால் அது தட்டை நிலையாக வைத்திருக்கும், முதல் சந்திப்பில் பட்டை எளிதில் உருவாகாது. வாயு செலவாகாமல் தங்கி, இரண்டு மையங்களும் இறுதியாகச் சேரும்போது ஒரேயடியாக உள்ளே விழும். புடைப்பு இல்லாவிட்டால் முதல் சந்திப்பிலேயே வாயுவின் ஒரு பெரும்பகுதி செலவாகிவிடும், கடைசியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. கிறிஸ் மிஹோஸும் ஹெர்ன்குவிஸ்ட்டும் 1996-இல் காட்டியது இது. நாம் காணும் மீயொளிர் மண்டலங்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் இருப்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

கருந்துளைக்கு வருவோம். நடுவுக்கு வரும் வாயு அங்கேயுள்ள பெருங்கருந்துளைக்கும் உணவு. அது விழுங்கும் வாயு உள்ளே போகும் முன் கடுமையாகச் சூடாகி ஒளிரும். தூசு அந்த ஒளியையும் உறிஞ்சி அதே அகச்சிவப்பாகத்தான் வெளியிடும். அப்போது வெளியே இருந்து பார்க்கும் நாம் எது விண்மீன்களால் வந்தது, எது கருந்துளையால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? 1980களின் பிற்பாதியில் தொடங்கிப் பத்து ஆண்டுக்கு மேல் நடந்த பெரிய வாதம் இது. தீர்ப்பு சொல்ல உதவியவற்றில் ஒன்று நியான். நியான் அணுவின் நான்காவது எலக்ட்ரானைப் பிடுங்க 97 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். மிகச் சூடான விண்மீன்களாலும் அத்தகைய ஒளித்துகள்களைப் போதிய அளவு தர முடியாது, கருந்துளையைச் சுற்றிய வாயுவால் முடியும். அப்படி எலக்ட்ரான்களை இழந்த நியான், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்தால் 14.3 மைக்ரோனில் ஒரு கோடு காட்டும், அந்த அலைநீளம் தூசைத் தாண்டி ஓரளவு வெளியே வரும். 1995-இல் ஏவப்பட்ட ஐரோப்பிய ஐசோ தொலைநோக்கியில் இத்தகைய கோடுகளை அளந்து, ரைன்ஹார்ட் கென்செல் குழுவினர் 1998-இல் முடிவு சொன்னார்கள்: மீயொளிர் மண்டலங்களில் 70 முதல் 80 விழுக்காடு பெரும்பாலும் விண்மீன் பிறப்பால் ஒளிர்கின்றன, மற்றவற்றில் கருந்துளை முன்னணி. இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. என்ஜிசி 6240 என்ற மண்டலத்தில் சுமார் 3,000 ஒளியாண்டு இடைவெளியில் இரண்டு கருந்துளைகள் ஒரே நேரத்தில் வாயுவை விழுங்குவதைச் சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி 2002-இல் காட்டியது.

இதற்கு முன்பே, 1988-இல், டேவிட் சாண்டர்ஸும் கூட்டாளிகளும் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்த பத்து மீயொளிர் மண்டலங்களும் மோதலில் இருந்தவை. மோதல் வாயுவைக் குவிக்கும், தூசுக்குள் விண்மீன்களும் கருந்துளையும் வளரும், பிறகு தூசு விலகி உள்ளே இருக்கும் குவேசர், அதாவது வாயுவை விழுங்கும் கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் மையம், வெளிப்படும் என்றார்கள். அழகான கதை, ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதியாக நான் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. மோதலின் சுவடே இல்லாத குவேசர்களும் இருக்கின்றன. பல மீயொளிர் மண்டலங்கள் கடைசியில் நடுத்தர அளவுள்ள நீள்வட்ட மண்டலங்களாக முடியும் என்றே அவற்றின் விண்மீன்களின் வேகங்கள் காட்டுகின்றன. தூசு விலகும் என்ற பகுதிக்கு மட்டும் நல்ல சான்று உண்டு. 2009-இல் ஏவப்பட்ட ஹெர்ஷெல் தொலைநோக்கி, மார்க்காரியன் 231 மண்டலத்தில் மூலக்கூறு வாயு வினாடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்வதைக் கண்டது. ஆண்டுக்குப் பல நூறு சூரிய நிறை வெளியேறுகிறது, அங்கே விண்மீன்களாகும் வாயுவைவிட அதிகம். அப்படிப் போனால் உள்ளே இருப்பு எத்தனை நாள் தாங்கும்?

அடுத்து, இவ்வளவு அகச்சிவப்பு வெளிச்சம் கண்டாலே மோதல் என்று முடிவு கட்டலாமா? நம் அருகில் உள்ள அண்டத்தில் 1 டிரில்லியனைத் தாண்டியவற்றுக்கு ஆம், ஏறக்குறைய அனைத்தும் மோதலில்தான் இருக்கின்றன. 100 பில்லியன் வாக்கில் உள்ளவற்றில் அமைதியான சுருள் மண்டலங்களும் உண்டு. பத்து பில்லியன் ஆண்டு பின்னால் போனால் நிலைமையே வேறு. ஹவாயின் மௌனா கியா மலை உச்சியிலிருந்து 1990களின் கடைசியில் சப்மில்லிமீட்டர் (ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள) அலையில் பார்த்தபோது, அந்தக் காலத்தில் இத்தகைய பிரகாசமான மண்டலங்கள் இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அன்றைய மண்டலங்களில் சாதாரணமானவற்றிலேயே நிறையில் கிட்டத்தட்ட பாதி வாயுவாக இருந்தது. அவ்வளவு வாயு கையில் இருந்தால் ஒரு தட்டு யாரோடும் மோதாமல் ஆண்டுக்கு நூறு சூரிய நிறை விண்மீன்களைப் பெற்றெடுக்க முடியும். பிரகாசத்தை மட்டும் வைத்து மோதல் என்று சொன்னால் அன்றைய மண்டலங்களில் பலவற்றைத் தவறாக வகைப்படுத்திவிடுவோம். வாயு எவ்வளவு சின்ன இடத்தில் இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, நம் பால்வீதி. ஆண்ட்ரோமேடா 2.5 மில்லியன் ஒளியாண்டு தூரத்திலிருந்து வினாடிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி வருகிறது. மோதல் உறுதி என்றுதான் பல காலம் எழுதினார்கள். 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மற்ற அண்டை மண்டலங்களின் ஈர்ப்பையும் அளவீடுகளின் பிழைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அடுத்த 10 பில்லியன் ஆண்டில் அது நடக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்றது. நடந்தாலும், தம்பி, ஆர்ப் 220 போல ஒன்று உருவாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பால்வீதியின் வாயு இப்போதே விண்மீன்களின் நிறையில் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் இருக்கிறது, ஆண்ட்ரோமேடாவிலும் வாயு குறைவு. மோதல் வரும்வரை இரண்டும் தொடர்ந்து செலவழித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து புது வாயு நிறைய வந்து சேராவிட்டால், மையங்கள் சேரும்போது ஒரு சிறிய விண்மீன் பிறப்பு அலை வரலாம். 1 டிரில்லியன் கோட்டைத் தொட அது போதாது.